முந்திரி மச்சான்

என் வேலை ஆள் தேடுவது. கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் ஆன்லைன் கடை இருக்கிறது. வறுத்த முந்திரி, மசாலா முந்திரி, முந்திரி மிட்டாய் என்று பாக்கெட் போட்டு ஊர் ஊராக அனுப்புகிறோம். கடை நடத்துகிற மேடத்துக்குப் பண்ருட்டிப் பக்கம் சொந்தத் தோப்பு. ரீல்ஸ் போடுகிறவர்களில் யார் கையில் எங்கள் பாக்கெட்டைக் கொடுத்தால் விற்கும் என்று கண்டுபிடித்து, பேசி, வீடியோ போட வைப்பது என் பொறுப்பு. எம்.காம். படித்துவிட்டு இது என்ன வேலை என்று அப்பா கேட்டதில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான் ஒருவன்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்கிற எல்லாமே அவருக்கு ஒரே வேலை.

ஃபாலோயர் எண்ணிக்கையை நாங்கள் பெரிதாகப் பார்ப்பதில்லை. அதைக் காசு கொடுத்தே வாங்கிவிடலாம். கமெண்டைத்தான் பார்ப்போம். வெறும் இதயமும் நெருப்புமாக இருந்தால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவேன். ‘ஏன்க்கா எளச்சிட்டீங்க’, ‘அந்தச் சட்டி எங்க வாங்குனீங்க’, ‘போன வாரம் வேற மாதிரி சொன்ன, இப்ப மாத்திப் பேசுற’ என்று சொந்தக்காரர் மாதிரி நாலு பேர் உரிமையோடு வம்புக்கு வந்திருந்தால், அவர்தான் எங்களுக்கு வேண்டிய ஆள்.

“திட்டுறாங்களான்னு பாரு தம்பி. திட்டுறவன்தான் வாங்குவான்” என்பார்கள் மேடம்.

இந்த வேலையில் ஒரு கஷ்டம் உண்டு. யார் யாரையெல்லாம் ஊர் கொண்டாடுகிறது என்று நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு பெண் தோசை சுடுகிறாள். நெய்வேலிப் பக்கம் ஒரு பையன் பைக் கழுவுகிறான். கழுவுகிறான், அவ்வளவுதான். அதை உட்கார்ந்து பார்க்க அத்தனை பேர். நானும் ஒருமுறை வீடியோ போட்டுப் பார்த்தேன். வங்கிக் கடனுக்கு வட்டி எப்படிப் போடுகிறார்கள் என்று, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்று, தெளிவாக விளக்கியிருந்தேன். கூடப் படித்த ஒருவன் மட்டும் ‘சார், போர்டு எங்க சார்’ என்று எழுதியிருந்தான். சாயங்காலம் வீடு திரும்புகிற சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பைக் கழுவுகிறவனைத் திரும்பவும் எடுத்துப் பார்ப்பேன். அவனிடம் என்ன இருக்கிறது, என்னிடம் என்ன இல்லை என்று புரியாமல் வயிறு எரியும். ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரியும். பார்க்க நன்றாக இருக்காது.

மார்கழி முடிகிற சமயம், மேடம் தன் போனை என் மேசைமேல் வைத்தார்கள்.

“இந்த ஆளப் பாரு. குமராட்சிப் பக்கம் மினிபஸ் கண்டக்டராம். கமெண்ட்ல ஊரே திட்டுது, ஊரே சிரிக்குது. இவர எப்படியாவது புடி.”

நின்றிருந்த மினிபஸ்ஸின் கடைசி சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து, மடியில் இருக்கிற பைக்கு டிக்கெட் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்த பைக்கு டிக்கெட் உண்டு என்று நியாயம் பேசிக்கொண்டிருந்தார் என் மாமா. என் அக்காவின் வீட்டுக்காரர்.

“எங்க மாமா மேடம்.”

மேடம் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “வூட்ல இவர வச்சிக்கிட்டா தம்பி மூணு மாசமா ஊரெல்லாம் தேடுற?”

மாமாவின் வீடியோக்களை நான் பார்த்ததே இல்லை என்று சொன்னால் பொய். ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கும் லைக் போட்டதில்லை. மேடத்திடம் கொடுக்கிற ஆள் பட்டியலிலும் அவரைச் சேர்க்கவில்லை. எட்டாவதோடு நிறுத்தியவர், சிரிக்காமல் எதையோ சொல்வார், பஸ்ஸே சிரிக்கும். அதுகூடப் பரவாயில்லை. அந்த வீடியோக்களில் போனைப் பிடித்திருப்பவரின் சிரிப்புச் சத்தம் கேட்கும். அது அக்கா. எனக்காகத்தான் அவள் ஐந்தாவதோடு நின்று களை எடுக்கப் போனாள். நான் பேசினால் அவள் வகுப்பில் உட்கார்ந்திருப்பது மாதிரி தலையை ஆட்டிக் கேட்பாள். மாமா பேசினால் போன் குலுங்கக் குலுங்கச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு, அவள் எங்கள் வீட்டில் இருந்தவரை நான் கேட்காதது.

மற்றவர்களுக்கு மெசேஜ் அனுப்புவேன், ரேட் கேட்பேன், குறைத்துப் பேசுவேன். அக்கா வீட்டுக்காரரிடம் அப்படிப் பேச முடியாது. நேரில்தான் போக வேண்டும், வெறுங்கையோடும் போகக்கூடாது. எல்லாருக்கும் அனுப்புகிற முந்திரி சாம்பிள் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆப்பிளும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை குமராட்சிக்குப் போனேன்.

இதில் என் மனதில் வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருடப் பொங்கல் சீர் என் சம்பளத்தில் செய்யப்போகிற முதல் சீர். அதுவரை அப்பா கூலி வேலையில் சேர்த்ததைக் கொண்டு அரைக்கட்டுக் கரும்பும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி சாப்பிட்டுவிட்டு வருவார். இந்தத் தடவை முழுக்கட்டுக் கரும்பு, வாழைத்தார், வெண்கலப் பானை, அக்காவுக்குப் பட்டு, மாமாவுக்கு வேட்டி சட்டை. புதன்கிழமை கொண்டுபோவதாக ஏற்பாடு. அக்கா வாசலில் நின்று அதைப் பார்க்கிற காட்சியைப் பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஓட்டிப் பார்த்திருந்தேன்.

பெட்டியைக் கையில் வாங்கிய மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன மச்சான் இது?”

“கம்பெனி பெட்டி மாமா. நீங்க பிரிச்சு, சாப்ட்டுட்டு, நல்லாருந்தா நாலு வார்த்த சொல்லணும். அவ்வளவுதான்.”

“இப்பவே சொல்லிட்டாப் போச்சு. ஏம்மே, போன எடு.”

நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு நகர்ந்து நின்றேன். மாமா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அக்கா பிடித்திருந்த போனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். எங்க வூட்டுக்குப் பொங்கச் சீரு வந்துருக்கு. எங்க மச்சான் கொண்ணாந்துருக்காரு. எம்.காம். படிச்சவரு. கரும்பு எங்க மச்சான்னேன். கரும்பு கடிச்சா பல்லு போயிடும் மாமான்னாரு. வாழத்தாரு எங்கன்னேன். பஸ்ல லக்கேஜ் கேப்பாங்க மாமான்னாரு. பஸ்ல கண்டக்டர் யாரு? நான். எனக்கே பயந்துகிட்டு, இந்தா பாருங்க, பொட்டியில முந்திரி கொண்ணாந்துட்டாரு.” ஒன்றை எடுத்துக் கடித்தார். இன்னும் ஒன்றை எடுத்தார். “மச்சான் மேல கோவம் ஜாஸ்தியா இருக்கு. முந்திரி மேல இல்ல. முந்திரி நல்லாருக்கு.”

அக்கா சிரித்த சிரிப்பில் கடைசியில் கூரைதான் பதிவாகியிருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டார்கள்.

“சீரு புதன்கெழமதான் மாமா. இது வேற” என்றேன்.

“தெரியும் மச்சான். சும்மா தமாசுக்கு.”

திங்கள் காலையில் ஆபீசுக்குள் நுழைந்தபோது பார்சல் கட்டுகிற பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்டர் வந்து குவிந்திருந்தது. மேடம் தன் டிபன் பாக்ஸிலிருந்து எனக்கு ஒரு வடை எடுத்து வைத்தார்கள். ஆனால் கமெண்டைப் படித்தவன் நான். ‘முந்திரி மச்சான் ஒழிக.’ ‘என் மச்சான் முந்திரிகூடக் கொண்டு வரல, உங்க மச்சான் தெய்வம்.’ ‘எம்.காம். படிச்சா சீர் செய்யத் தெரியாதா?’ மாமாவுக்குக் கும்பிடும் சிரிப்பும். எனக்குத் திட்டு. என்னை முகம்கூடப் பார்க்காத ஆட்கள்.

புதன்கிழமை அப்பாவும் நானும் சிதம்பரத்தில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மாமாவின் மினிபஸ்ஸிலேயே ஏறினோம். கரும்புக்கட்டு மேலே, வாழைத்தார் சீட்டுக்கு அடியில், பானை அப்பா மடியில். எனக்கு மாமா எப்போதும் டிக்கெட் போடமாட்டார். அன்றும் ஆளுக்குப் போடவில்லை. கரும்புக்குப் போட்டார்.

“கோச்சுக்காத மச்சான். லக்கேஜ் ஏத்துனா ஓனர் கணக்கு கேப்பாரு” என்று சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். பின்னால் ஒரு பெரியவர், “இவருதான் முந்திரி மச்சானா? கரும்பு வாங்கியாந்துட்டாரே” என்றார். ஒரே சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். அந்தச் சீட்டைக் கசக்கி எறியாமல் பர்ஸில் வைத்தேன்.

அக்கா வாசலில்தான் நின்றிருந்தாள். கரும்பை இறக்கியதும் “எதுக்குடா தம்பி இவ்வளவு” என்றாள். கண் கலங்கினாள். நான் நினைத்திருந்த காட்சி அதுதான். ஆனால் அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் போனைக் காட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பட்டுப்புடவையை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. முந்திரி எங்கே கிடைக்கும் என்று என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

சாப்பிட்ட பிறகு மாமாவிடம், “இந்தச் சீரையும் ஒரு வீடியோ போடுங்க மாமா” என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றேன்.

“போட்டா யாரு மச்சான் பாப்பா? எல்லா வூட்லயும்தான் கரும்பு வருது” என்றார்.

வேலை தெரிந்தவன் என்கிற முறையில் அது சரி என்று எனக்குத் தெரியும். அதனால் இன்னும் எரிந்தது.

பொங்கல் முடிந்த வாரம் மேடம் கூப்பிட்டார்கள். “அடுத்த வீடியோல மச்சான் வரணும். மூஞ்சியக் காட்டுன்னு எல்லாரும் கேக்குறாங்க பாரு.” நான் உடனே ஒத்துக்கொண்டது மேடத்துக்கு ஆச்சரியம். சீர் முழுசாகக் கொண்டுபோன விஷயத்தை ஊருக்குச் சொல்ல எனக்கு வேறு வழி இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பேச வேண்டியதை எழுதினேன்.

மாமா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அக்கா போனைத் தூக்கியதும் தாளைப் பிரித்துப் படித்தேன்.

“அனைவருக்கும் வணக்கம். நான் வழங்கிய சீர்வரிசை குறித்துத் தவறான தகவல் பரவி வருகிறது.”

“என்ன மச்சான், கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பா?” என்றார் மாமா. “அணை தெறந்துட்டாங்க, கொள்ளிடக்கரைல இருக்குறவுங்க மேட்டுக்குப் போங்கன்னு சொல்லப்போறியோன்னு பாத்தேன்.”

அக்கா சிரித்தாள். அதே சிரிப்பு. எனக்குத் தாளைப் பிடித்திருக்க முடியவில்லை. கீழே போட்டுவிட்டேன்.

“சிரிங்க மாமா. நல்லா சிரிங்க. முழுக்கட்டுக் கரும்பு கொண்ணாந்தனா இல்லியா? வாழத்தார் கொண்ணாந்தனா இல்லியா? எதுல கொண்ணாந்தேன்? ஒங்க பஸ்ல. சொந்த மச்சான் ஒங்களுக்கே சீரு ஏத்திட்டு வர்றான், அந்தக் கரும்புக்கு லக்கேஜ் போட்ட மனுசன் நீங்க. ஒலகத்துல எந்த மாமனாவது செய்வானா இத? டிக்கெட்டு இன்னம் வச்சிருக்கேன், பாக்குறீங்களா?” பர்ஸைத் திறந்து சீட்டை எடுத்து நீட்டினேன். “கரும்புக்கு டிக்கெட்டு வாங்குனீங்கல்ல. அப்ப எறங்குறப்ப கரும்பு எறங்கிடுச்சான்னு விசில் அடிச்சீங்களா?”

நான் விளையாடவில்லை. ஆனால் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “டேய், போதும்டா, வயிறு வலிக்குதுடா” என்றாள். போன் அவள் கையில் குலுங்கிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்னை.

மாமா கூடவே சிரித்தார். கொஞ்சம் தாமதமாக.

அன்று சாயங்காலமே போட்டோம். இருட்டுவதற்குள் முதல் வீடியோவை இது தாண்டிவிட்டது. சாப்பிட உட்கார்ந்ததும் மாமா வழக்கம்போல போனை எடுத்துக் கமெண்ட் படித்தார். எப்போதும் ஒன்றுவிடாமல், கை வாயில் இருக்கும்போதுகூட உரக்கப் படிப்பார். ‘மச்சானுக்கே டிக்கெட்டா, நீ மனுசனாய்யா?’ என்பதைப் படித்தார். ‘கண்டக்டர விட மச்சான் பேச்சுதான் சூப்பர்’ என்பதைப் பாதி படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றாள் அக்கா.

“சார்ஜ் இல்ல.”

இருந்தது. அவர் கவிழ்ப்பதற்கு முன்னால் நான் பார்த்தேன். அவருடைய முகத்தையும் பார்த்தேன். சிதம்பரம் பஸ் கண்ணாடியில் எத்தனையோ சாயங்காலம் பார்த்த முகம். பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இனிப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அக்கா தன் போனை எடுத்து எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்க, நான் வாங்கி, மாமாவைத் திட்டியிருந்ததாகப் பார்த்து ஒவ்வொன்றாக, நிறுத்தி நிதானமாக வாசித்தேன்.

ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் காலையில் ஆபீஸுக்குப் போக மாமாவின் பஸ்ஸில் ஏறினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சிதம்பரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுமாக நல்ல கும்பல். சிலர் என்னை அடையாளம் கண்டு, “மச்சான் வந்துட்டாரு” என்று இடம் விட்டார்கள். மாமா ஒவ்வொருவராகச் சீட்டுக் கிழித்துக்கொண்டே என்னிடம் வந்து நின்றார். இத்தனை வருடத்தில் இல்லாதபடி கையை நீட்டினார்.

“சிதம்பரம்தான மச்சான்? எடு.”

பஸ் முழுக்கச் சிரித்தது. அடுத்த ரீல்ஸுக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு பையன் நாங்கள் இருவரும் தெரிகிற மாதிரி எம்பிக்கூடப் பார்த்தான்.

மாமா கையில் போன் இல்லை, படம் பிடிக்க அக்காவும் இல்லை. நான் சரியான சில்லறையாக எடுத்துக் கொடுத்தேன்.