ஷைனி ஒதுங்கவைத்த மெனு

தன் கண் மங்கிக்கொண்டு வருவது தனக்கும் மதுரைக் கண் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும் என்று ராயப்பராஜ் நினைத்திருந்தார். சர்க்கரை கண்ணுக்குள் இறங்கிவிட்டது, இனிக் கண்ணாடி மாற்றியும் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வெளியே தெரிந்தால் திண்டுக்கல்லில் உடையப்பனின் உரக்கடையில் பார்க்கிற கணக்கு வேலை போய்விடும். மகள் மரியசெல்வி நர்சிங் முடிக்கிற வரைக்குமாவது ஒப்பேற்றியாக வேண்டும். அதற்காக மனுஷன் பட்டது நாய் படாத பாடு.

சீட்டு எது வந்தாலும், "வாசிங்கப்பா, கேப்போம்" என்பார். கெத்து காட்டுகிறார் என்று லோடுமேன்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். கணக்கு சாப்ட்வேருக்குள் நுழைந்துவிட்டால் கவலையில்லை. நீலத்தில் வெள்ளையாக எழுத்து கொட்டை கொட்டையாகத் தெரியும். நுழைவதுதான் பாடு. ஸ்டார்ட் மெனு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரிதான் இருந்தது. அதனால் மவுஸைத் தொடவே மாட்டார். கீபோர்டில் அம்புக்குறிகளை இத்தனை தரம் கீழே, இத்தனை தரம் பக்கத்தில் என்று செபமாலை மணி உருட்டுவதுபோல உருட்டிப் போவார். கடைசியில் என்டர். வரவேற்புப் பெட்டி ஒன்று வரும், அதற்கும் ஒரு என்டர்.

வீட்டில் அந்தத் தொந்தரவு இல்லை. இருபது வருஷமாக எதையும் எடுத்த இடத்தில் வைத்தறியாத அவர் மனைவி வியாகுலம்மாள், ஒரு வருஷமாகச் சொம்பு, சோப்பு, செருப்பு எல்லாவற்றுக்கும் இடம் வகுத்துவிட்டாள். மாற்றி வைத்தால் மகளுக்குத் திட்டு விழும். லேட்டானாலும் புத்தி வந்ததே என்று ராயப்பராஜ் கேலி பண்ணுவார்.

இரண்டாயிரத்து மூன்றில், ஆடி பிறந்ததும் ஷைனி கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கொடைரோட்டிலிருந்து ரயிலில் வருகிற பெண். கம்ப்யூட்டர் படித்தவள், மரியசெல்வி வயசுதான் இருக்கும். மெனுவைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். சிடியோடு இலவசமாக வந்த ஜாதகம், முதலாளி மகன் போட்ட கார் ரேஸ், எப்போதோ எடைக்குப் போட்ட பிரிண்டரின் மிச்சம் எல்லாம் அதில் கிடந்தன.

"இது மெனுவா சார், பழைய இரும்புக் கடையா? நான் ஒதுங்க வச்சுத் தாரேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? சரியென்று தலையை ஆட்டிவைத்தார். அங்கேதான் கோட்டை விட்டார்.

சனிக்கிழமை அவர் போன பிறகு ஷைனி குப்பையையெல்லாம் தள்ளினாள். அவருக்குச் சுளுவாக இருக்கட்டும் என்று, மெனுவின் உச்சியில் கிடந்த ஜாதகத்தை எடுத்த இடத்தில் கணக்கு சாப்ட்வேரை வைத்தாள். அதன் பழைய போல்டரை மட்டும், எதற்கு வம்பென்று இருந்த இடத்திலேயே விட்டாள். மற்றக் குப்பையெல்லாம் அதற்குக் கீழே கிடந்ததால் அதன் வரிசை மாறவில்லை. சாப்ட்வேரை அழிக்கிற கட்டளை ஒன்றுதான் இப்போது அந்த போல்டருக்குள் மிச்சம் இருந்தது.

திங்கட்கிழமை மழைக்குப் பிந்தைய கூட்டம். சித்தையன்கோட்டை, அய்யலூர் ஆட்களெல்லாம் யூரியாவுக்கு நின்றார்கள். ஷைனியின் ரயில் லேட். ராயப்பராஜின் விரல் பழகிய வழியில் போனது. ஒரு பெட்டி வந்தது. அழித்துவிடட்டுமா என்று அது கேட்டது அவருக்கு எங்கே தெரியும்? தினப்படி வரவேற்புதானே என்று என்டரைத் தட்டினார். கோடு ஒன்று ஓடியது. திறக்கிறது என்று காத்திருந்தார்.

உடையப்பன் எட்டிப் பார்த்தபோது சாப்ட்வேர் இருந்த தடமே இல்லை. பில் போட வழியில்லாமல் வாசலில் சத்தம் ஏறியது. அந்த நேரம் பார்த்து ஷைனி உள்ளே வந்தாள்.

"யாரக் கேட்டு இதுல கை வச்ச? நாளையிலேர்ந்து வராத!" மெனுவை ஒதுங்கவைத்தது அவள்தான் என்று தெரிந்த உடையப்பன் பாய்ந்தார்.

"நான் அழிக்கல சார். மேல எடுத்துத்தான் வச்சேன்..." துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ராயப்பராஜ் தப்பித்துவிடலாம். ஆனால் அந்த அழுகை மரியசெல்வியின் அழுகை மாதிரியே இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அந்தப் பிள்ளைய விடுங்க மொதலாளி. அழிச்சது நான்தான். எனக்கு அந்த எழுத்து தெரியல. தெரிஞ்சு ரொம்ப நாளாச்சு."

உடையப்பன் அவரையே பார்த்தார். "கண்ணு தெரியாமத்தான் இம்புட்டு நாளும் கணக்குப் பாத்தீகளாண்ணே?" பிறகு குரலை இறக்கி, "வீட்டுக்குப் போங்க. சொல்லி விடுறேன்" என்றார். இனிக் கூப்பிட ஆள் வராது என்பது ராயப்பராஜுக்குப் புரிந்தது.

ஷைனிதான் பஸ் ஏற்றிவிட வந்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தொட்டே இருக்க மாட்டேனே சார்" என்றாள்.

வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, வியாகுலம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். கண்ணை, வேலையை, டாக்டர் சொன்னதை. பேச்சுவாக்கில் கையை நீட்டினார். தண்ணீர்ச் சொம்பு எப்போதும்போல அந்த இடத்திலேயே இருந்தது.

சொம்பைப் பிடித்த அவர் கைமேல் தன் கையை வைத்தாள் வியாகுலம்மாள்.

"போன வருசம் வாசக்கதவுன்னு நெனச்சு பீரோவத் தடவிக்கிட்டு நின்னீங்க. அன்னைக்கிருந்து இந்த வீட்டுல ஒரு சாமான நான் இடம் மாத்தல" என்றாள்.