கிஃப்ட் கேட்ட ஹெல்கா

ஜெர்மனியில் மழை விட்டால் ஆட்கள் கூடையும் கத்தியுமாகக் காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் வருடம் கத்தியைப் பார்த்துவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். காளான் பறிக்கத்தான் போகிறார்கள் என்று தெரிந்ததும் நாக்கில் எச்சில் ஊறியது. எங்கள் ஊர் அனுமந்தன்பட்டியில் வைக்கோல் படப்பின் அடியில் முட்டைமுட்டையாய் முளைக்கும் காளானை என் அண்ணன் மனைவி, அதாவது மதினி, மிளகு தட்டிப் போட்டு வதக்கினால் தெருவே கிண்ணத்தோடு வந்து நிற்கும்.

போன மாதம் இங்கே ஓக் மரத்தடியில் அதே முட்டை, அடியில் அதே உறை. வாரிக்கொண்டு வந்து வீடியோவில் மதினியிடம் காட்டினேன்.

"நம்ம வைக்கோக் காளானேதான்த்தா. மஞ்சத்தூளப் போடு, நெறம் மாறலைன்னா விஷமில்ல."

மாறவில்லை. வதக்கி இறக்கி, கணவரிடம் உப்புப் பார்க்கச் சொன்னேன். சூப்பர் என்றார்.

அந்நேரம், எங்களிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்த தன் பார்சலை வாங்க வந்த மாடிவீட்டு ஹெல்கா, அடுப்பு மேடையில் வதக்காமல் மிச்சமிருந்த காளானைக் கண்டு "கிஃப்ட்!" என்றார். இப்படி வாய்விட்டுக் கேட்கிறாரே என்று பூரித்துப்போய் வதக்கியதை ஒரு டப்பாவில் போட்டு நீட்டினேன். "நைன், கிஃப்ட்!" என்றார். நைன் என்றால் இல்லை என்று தெரியும்; போதவில்லை போலும் என்று இன்னொரு கரண்டி வைத்தேன். அவர் டப்பாவையும் சட்டியையும் அப்படியே குப்பையில் கவிழ்த்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"அந்தம்மா எதுக்குத்தா கொட்டுறாக?" என்றார் போனுக்குள் இருந்த மதினி.

அகராதியைத் தட்டினேன். ஜெர்மனில் கிஃப்ட் என்றால் விஷமாம். ஹெல்கா தன் காளான் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். முட்டையாக இருக்கும்போது இரண்டும் ஒரே சாயல். விரிந்தபின் நம்முடையதற்குக் குடைக்குள் மடிப்பு சிவக்கும், இதற்கு வெள்ளையாகவே இருக்கும். தின்றால் ஈரல் போய்விடும். மஞ்சள்தூளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

கணவரிடம் ஓடினேன். "ஏங்க, உப்புப் பாத்தீகல்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பாக்கல. எப்பவும்போல சும்மா சொன்னேன்."

அழுதேவிட்டேன். கல்யாணமான நாளாய் அவர் சொன்ன பொய்களில் இதுபோல் இனித்தது வேறில்லை. அந்த 'எப்பவும்போல' மறுநாள்தான் உறைத்தது. அது தனிச் சண்டை.

மதினி அரண்டுபோனார். இப்போது படப்பில் காளான் முளைத்தால் படம் எடுத்து அனுப்பி, ஹெல்காவிடம் கேட்டுச் சொல்லச் சொல்கிறார். நேற்றும் அனுப்பினார். ஹெல்கா உற்றுப் பார்த்துவிட்டு, உங்கள் ஊர்க் காளான் எனக்கு எப்படித் தெரியும், உனக்குத்தானே தெரியும் என்று போனை என்னிடமே தந்தார். மதினி லைனில் இருந்தார்.

"சட்டி காயுது, சட்டுனு சொல்லுத்தா."

நான் தின்று வளர்ந்த காளான். படத்தைப் பெரிதாக்கி, மடிப்பு என்ன நிறம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.