நேர்ந்துவிட்ட கிடாயின் கொம்பு

கொம்புள்ள ஆடு வேலிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டால் பின்னால் இழுக்கக் கூடாது. கொம்பு பின்பக்கம் சரிந்து வளர்வதால் நுழையும்போது வழுக்கிக்கொண்டு போய்விடும். திரும்பும்போது கம்பியில் கொக்கி மாதிரி விழும். தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பக்கமாகத் திருப்பி, ஒரு கொம்பை முதலில் வெளியே எடுக்க வேண்டும். பிறகு மற்றது தானாக வரும்.

இதை நான் ஆனைக்குட்டம் பக்கம் கற்றுக்கொண்டேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றினேன். சிவகாசியில் காலண்டர் சீசனுக்கு அச்சாபீசில் கட்டுக் கட்டினேன். எங்கேயும் நிலைத்ததில்லை. அந்தக் கோடையில் ஒரு வீட்டில் ஆடு மேய்க்கச் சேர்ந்தேன். வீட்டில் அண்ணாச்சி மட்டும்தான் இருந்தார். அவர் சம்சாரம், நான் அக்கா என்று கூப்பிடுவேன், மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர்களுடைய ஒரே மகள் பட்டாசுக் கம்பெனி விபத்தில் வெந்து, தீக்காய வார்டில் கிடந்தாள்.

மகள் பிழைத்து வந்தால் ஒரு கிடாயை அம்மனுக்குக் கொடுப்பதாக அக்கா நேர்ந்திருந்தார். கருப்புக் கிடாய், நெற்றியில் வெள்ளை. அங்கக் குறை உள்ளதை அம்மன் வாங்க மாட்டாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காது கிழியக் கூடாது, கொம்பு ஒடியக் கூடாது. தினமும் பொழுது சாயும்போது ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா போன் செய்வார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை, கிடாயைப் பற்றி நாலு வார்த்தை.

"கிடா மேஞ்சுச்சா தம்பி? கொம்புல ஒண்ணும் படலையே?"

"உங்க மாப்பிள்ளை நல்லாத் திங்காரு அக்கா. எனக்குத்தான் கஞ்சி பத்தலை."

ஒருநாள் அதற்குச் சிரித்தார். பக்கத்தில் யாரோ முனகும் சத்தமும் போனில் கேட்டது.

விபத்து நடந்த கம்பெனிக்குச் சீல் வைத்திருந்தார்கள். ஆள் நடமாட்டம் இல்லாததால் கம்பி வலைக்கு உள்ளே புல் மண்டிக் கிடந்தது. வெளியே எங்கேயும் பச்சை இல்லை. ஆடுகள் அங்கேதான் ஓடும். மற்ற ஆடுகளுக்குக் கொம்போடு சேர்த்துக் குறுக்கே ஒரு கம்பை சைக்கிள் டியூப் வைத்துக் கட்டிவிட்டிருந்தேன். அப்படிக் கட்டினால் தலை வலைக்குள் போகாது. நேர்ந்த கிடாய்க்கு மட்டும் அண்ணாச்சி கட்டவிடவில்லை. "சாமிக்கு விட்டதுக்கு விலங்கு போடுவாகளாலே?" என்றார். அதனால் எந்தக் கொம்பு ஒடியக் கூடாதோ அதுவே தினமும் வலையில் மாட்டும்.

காவலுக்கு இருந்த பெரியவர் உள்ளேயிருந்து கேலி செய்வார். "என்னலே, உங்க சாமிக்கு இன்னைக்கும் எங்க கம்பெனியிலதான் சாப்பாடா?"

"நீங்க பந்தி வச்சிருக்கீக, அது வருது."

ஒரு காலையில் நான் ஓடைப் பக்கம் பிரிந்துபோன குட்டிகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். வேலியிலிருந்து கிடாயின் அலறல் கேட்டது. இரண்டு நாய்கள் அதன் பின்னங்காலைச் சுற்றி வந்தன. பெரியவர் உள்ளே நின்று இரண்டு கொம்பையும் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்.

"தள்ளாதீக! தலையத் திருப்புங்க! தள்ளாதீக!"

அவருக்குக் காது மந்தம். நாய் கடித்துவிடுமே என்ற பதற்றத்தில் இன்னும் பலமாகத் தள்ளினார். கிடாய் விடுபட்டு வந்தது. ஒரு கொம்பு அவர் கையிலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

மஞ்சள் அப்பித் துணி கட்டினோம். அண்ணாச்சி முடிச்சை இறுக்கினார். பிறகு, "அவகிட்ட மூச்சு விட்றாத. புள்ளை வரட்டும், வேற கிடா பாத்துக்கிடலாம்" என்றார். அன்றைக்கும் அக்கா கூப்பிட்டார். "ரெண்டு கொம்பும் சும்மா மினுமினுன்னு இருக்கு" என்று அண்ணாச்சியே சொன்னார்.

மறுநாள் விடியும்போது மகள் இறந்துபோனாள்.

எல்லாம் முடிந்து, வந்த சனம் கலைந்த பிறகு அக்கா எழுந்து தொழுவத்துக்கு வந்தார். கிடாயின் தலைக்கட்டைப் பார்த்தார். அழவில்லை. கட்டை மெதுவாகத் தொட்டுவிட்டுக் கேட்டார்.

"இது எப்ப ஒடிஞ்சுச்சு?"

அண்ணாச்சி முந்திக்கொண்டார். "சேதி வந்த பொறவுதான். வீடே கிறுக்குப் பிடிச்சுக் கெடந்துச்சு, யாரும் பாக்கலை."

அக்கா என் பக்கம் திரும்பினார். "அப்படியா தம்பி?"

"ஆமாக்கா. பொறவுதான்."

குறையுள்ள கிடாயால்தான் மகள் போனாள் என்று அவர் ஆயுசுக்கும் நினைக்கக் கூடாது. எங்கள் இருவர் மனதிலும் இருந்தது அவ்வளவுதான். அக்கா தரையில் உட்கார்ந்து கிடாயின் தலையை மடிக்கு இழுத்துக்கொண்டார். கொம்பு இருந்த இடத்தைச் சுற்றி விரலை ஓட்டினார்.

"அப்ப எம்புள்ள உசுரு போறப்ப ரெண்டு கொம்பும் முழுசாத்தான இருந்துச்சு" என்றார். "ஒரு குறையும் வைக்கலையே. பொறவும் எதுக்கு எடுத்துக்கிட்டா?"

அண்ணாச்சியின் முகம் வெளுத்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று என்னைப் பார்த்தார். சொன்னால் அக்காவுக்கு ஒரு காரணமாவது கிடைக்கும். நான் பார்வையைக் கிடாய் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவரும் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கேக்கேன்ல, சொல்லு" என்றார் அக்கா, அம்மன் கோயில் இருக்கும் தெற்குப் பக்கம் பார்த்து.