உமரிக் கொத்து

வரப்பில் உமரிக் கொத்து நட்டிருப்பதைக் கண்டால் கொளஞ்சியம்மாள் அதைச் சும்மா தாண்டிப் போகமாட்டாள். தலையில் உப்புக் கூடை இருந்தாலும் முழங்காலை மடித்து, ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கொத்தை இன்னும் கொஞ்சம் சேற்றுக்குள் அழுத்திவிட்டுத்தான் நகர்வாள். மகன் தேசப்பன் சின்ன வயதிலிருந்தே இதைப் பார்த்துவந்தான். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் வேலை செய்த மரக்காணம் உப்பளத்தில் அது ஓர் அடையாளம். உப்பு விளைந்து வாருவதற்குத் தயாரான பாத்தியின் வரப்பில், பக்கத்தில் மண்டிக் கிடக்கும் உமரிச் செடியில் ஒரு கொத்தைப் பிடுங்கி நட்டுவைப்பார்கள். அந்தப் பாத்திக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று அர்த்தம். விட்டால் விளைந்த உப்பெல்லாம் கரைந்துபோகும்.

1976-இல் தேசப்பன் பி.ஏ. முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் அவன். வேலைதான் கிடைக்கவில்லை. பாண்டிச்சேரியில் ஓர் இலக்கியப் பத்திரிகை நடத்திவந்த தட்சணாமூர்த்தி, பழைய இதழ்களைக் கட்டுக்கட்டாக அவனிடம் கொடுத்தார்.

"யாரும் கண்டுக்காம போன கதைங்க இதுல எத்தனையோ கெடக்குது. நல்லதா பத்து எடுத்துக் குடு, ஆண்டு மலர்ல போடலாம். முன்னுரையும் நீயே எழுது. உன் பேர்லயே வரட்டும்" என்றார்.

தன் பெயர் அச்சில் வரப்போகிறது என்ற நினைப்பிலேயே தேசப்பன் நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

1963-ஆம் வருஷத்து இதழ் ஒன்றில், கூந்தல் தைல விளம்பரத்துக்கு மேலே, இரண்டரைப் பக்கக் கதை ஒன்று இருந்தது. 'ஒரு கைப்பிடி கீரை.' எழுதியவர் சுலோசனா. உப்பளத்தில் கூலி வேலை செய்யும் ஒருத்தி. வீட்டில் நாலு வயதுப் பிள்ளை பட்டினி. பொழுது சாயும் அவசரத்தில் கைக்கு எட்டிய உமரியைக் கீரைக்காகப் பிடுங்கி மடியில் போட்டுக்கொள்கிறாள். அதில் வரப்பில் நட்டிருந்த அடையாளக் கொத்தும் சேர்ந்து வந்துவிடுகிறது. மறுநாள் விடியலில் தண்ணீர் கட்டுகிறவன் கொத்தைக் காணாமல் மடையைத் திறக்கிறான். பாத்தி முழுக்கக் கரைகிறது. தூக்கக் கலக்கத்தில் கொத்தைக் கவனிக்காமல் விட்டான் என்று அவனை அடித்துத் துரத்துகிறார்கள். அவள் கூட்டத்தில் வாய் திறக்காமல் நிற்கிறாள். அதற்குப் பிறகு எந்த வரப்பில் கொத்தைப் பார்த்தாலும் அவள் குனிந்து அழுத்திவிட்டுத்தான் போகிறாள்.

கடைசி வரியைப் படித்ததும் தேசப்பன் இதழை மூடிவிட்டான். சுலோசனா என்பது அவனுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த டீச்சர். அம்மா அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாலு வயதுப் பிள்ளை யார் என்பதும் அவனுக்குப் புரிந்தது.

சாயங்காலம் அம்மாவுக்குக் கதையைப் படித்துக் காட்டினான். மீன் கழுவிக்கொண்டிருந்த அவள் கை பாதியில் நின்றது.

"டீச்சரம்மா பேரா போட்டிருக்குது?"

"ஆமாம்மா."

"என் வயித்தோட போவும் கொளஞ்சின்னு சொல்லிச்சு. என் கைய புடிச்சினு சொல்லிச்சு." மீன் செதிலை விரலிலிருந்து வழித்துப் போட்டாள். "அச்சுக்குக் குடுத்துட்டுப் போயிருக்குது."

"பதிமூணு வருஷமா ஒருத்தரும் பாக்கலம்மா."

"இப்ப நீ பாத்துட்டியே."

மீனைச் சட்டியில் போட்டுவிட்டு அவளே பேசினாள். "அன்னிக்கு மடை தொறந்த மாயவன் இன்னும் வானூர் சந்தையில மூட்டை தூக்கினு இருக்காரு. எந்த அளத்துலயும் அவர சேக்கல. அவருக்கு என் வாயாலதான் சொல்லணும். அதுக்கு முன்னாடி ஊரு சொல்லக்கூடாது. இத போடாதப்பா."

"சரிம்மா" என்றான்.

ஆனால் பத்துக் கதைகளில் அதையும் சேர்த்துக் கொடுத்தான். தட்சணாமூர்த்தி அதை இரண்டு முறை படித்தார். "மத்த ஒம்போதும் இதுக்கு ஒற போடக் காணாது. எப்பிடிய்யா கண்டுபிடிச்ச?" என்று முதுகில் தட்டினார். இலக்கியம் வேறு, வீடு வேறு என்று திரும்பும்போது பஸ்ஸில் தேசப்பன் தனக்குள் சொல்லிக்கொண்டான். எங்கே படித்தது அது என்று யோசித்துப் பார்த்தான், தெரியவில்லை. முன்னுரையில், 'இது மரக்காணம் உப்பளத்தில் உண்மையாகவே நடந்தது. இதன் நாயகியை நான் அறிவேன்' என்று எழுதினான். அந்த வாக்கியம் அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது.

மலர் வந்த வாரம் அளத்துக் கணக்கப்பிள்ளை ஆதிமூலம் டீக்கடையில் அதை உரக்கப் படித்தார். மறுநாள் எடை போடும் இடத்தில் கொளஞ்சியம்மாளைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா கொளஞ்சி, உன் புள்ள பெரிய எழுத்தாளன் ஆயிட்டான். மாயவன் தூங்கலயாமே. கீரை பறிச்ச மவராசி யாருன்னு உன் புள்ளைக்குத் தெரியுமாம். வூட்ல கேட்டுச் சொல்லேன்."

"மாயவன் காதுல நீங்க போட வேணாங்க. நானே சொல்லிக்கிறேன்" என்று கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

வீட்டில் அவள் திட்டவில்லை. சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"டீச்சரம்மாகூட ஊரு பேரப் போடல. நீ போட்டுட்ட."

ஞாயிற்றுக்கிழமை தனியாக வானூருக்குப் பஸ் ஏறினாள். கூட வருகிறேன் என்றவனை வேண்டாமென்றுவிட்டாள். பொழுது சாயத் திரும்பினாள்.

"சொல்லிட்டியாம்மா?"

"டீ வாங்கிக் குடுத்தாரு. 'என் தூக்கத்தப் பத்திப் பேசாத ஆளு நீ ஒருத்திதான் கொளஞ்சி'ன்னாரு." முந்தானையை உதறி மடித்தாள். "அதுக்கு மேல எனக்கு வாய் வரல."

பிறகு இரண்டு வருஷத்தில் அவள் மூன்று முறை வானூர் போனாள். மூன்று முறையும் சொல்லாமலே திரும்பினாள். கதையும் வானூர் சந்தை வரைக்கும் எட்டவில்லை. மகனிடம் பேசுவதும் குறைந்துபோனது. 1978 ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, ஒன்பதாம் நாள் இறந்தாள்.

காரியத்துக்குச் சொல்ல தேசப்பன் வானூருக்குப் போனான். பையில் அந்த மலர் இருந்தது. சந்தையில் மாயவன் தூக்கிய மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்ல மனுசி, தம்பி. அன்னிக்கு ஊரே என்ன ஏசினப்ப ஒரு வார்த்த பேசாம நின்னவ அவ ஒருத்திதான். கொத்து அங்க இருந்துதான் இருக்கும். என் கண்ணுதான் பாக்கல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காரியம் என்னிக்கு? நான் வந்துடறேன்."

தேசப்பன் நாளைச் சொன்னான். அதை மட்டும்தான் சொன்னான்.