மச்சினன் கழுத்தில் ஸ்குருத் தலை

"கொல்லம் 1129, மிதுனம், வியாழன். சாரல். மச்சினனைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்தனர். நாலாவது முறிந்தது."

என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. கொல்லம் ஆண்டு 1129 ஆங்கிலக் கணக்கில் 1954; மிதுனம் என்பது ஆனி. தேதியை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

நாகர்கோவிலில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் அப்போது நான் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சினன் என்பது முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முப்பதை நெருங்கியவன். அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கடற்கரையிலிருந்து வரும் வண்டிகளில் உப்புக்காற்று ஏறி ஸ்குருக்கள் இறுகிப்போயிருக்கும். அவசரப்பட்டுத் திருகினால் தலை மட்டும் கையோடு வரும், உடல் உள்ளே நின்றுவிடும். அப்படி முறித்தவனுக்கு முதலாளி ஒரு தண்டனை வைத்திருந்தார். முறிந்த தலையில் துளை போட்டுச் சணலில் கோத்து அவன் கழுத்தில் கட்டிவிடுவார். அடுத்தவன் ஒன்றை முறிக்கும்வரை கழற்றக் கூடாது. துளை போடும் வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்த வருஷம் மேடத்தில், அதாவது சித்திரையில், மச்சினன் ஒன்றை முறித்தான். அதன்பின் இறுகிய ஸ்குரு எது வந்தாலும் மற்றவர்கள் அவனிடமே தள்ளினார்கள். அதனால் வேறு யாரும் முறிக்கவில்லை, சணலும் இறங்கவில்லை. கோயிலுக்கும் அதோடுதான் போனான். வடசேரிச் சந்தையில் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்து சிரித்தன.

மிதுனத்தில் ஒரு சம்பந்தம் கூடிவந்தது. பையன் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பெண்ணின் தகப்பனார் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் நாள் மச்சினன் முதலாளி முன்னால் போய் நின்றான்.

"அத்தான், நாளைக்கு அவிய வாறாவ. இத மட்டும் கழத்திக்கிடட்டா?"

"கழத்தேன், ஆரு வேண்டாம்னா? அந்தா நிக்குல்லா மணவாளக்குறிச்சி வண்டி, அதுல எஞ்சின் மூடியில நாலு ஸ்குரு. நாலையும் தலை போவாம எடு. நானே அறுத்துப் போட்டிருதேன்."

அது ஒரு மீன் வியாபாரியின் வண்டி. மச்சினன் அன்றே நான்கு தலைகளிலும் திருப்புளி பதியும் வெட்டை ரம்பத் துண்டால் சுரண்டிச் சுத்தமாக்கி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தான். மறுநாள் காலையில் மூடியைச் சூடாக்கினான். திருப்புளியைப் பொருத்திச் சுத்தியலால் தட்டி, முதலில் இம்மி அளவு இறுக்கி, பிறகு தளர்த்தினான். இறுக்கித் தளர்த்தினால்தான் துரு விடும். மூன்று முழுசாக வந்தன. மூன்றாவது வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் பல்லை நான் நன்றாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

நாலாவதில் திருப்புளியை வைத்தபோது பெண்ணின் தகப்பனாரும் அண்ணனும் உள்ளே வந்தார்கள். முதலாளி எழுந்து நாற்காலி போட்டார்.

"வாருங்க, வாருங்க. மாப்பிளைக்கு வேலை ஓடிட்டு இருக்கு. கையோட பாத்திருங்க."

தட் என்று ஒரு சத்தம். தலை தரையில் உருண்டது.

முதலாளி அதை எடுத்துத் துடைத்தார். விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, பொறுமையாகத் துளை போட்டார், பழையதன் பக்கத்தில் கோத்தார்.

"லேய், தலைய குனி. கல்யாணத்துக்கு முன்னாலயே மாப்பிளைக்கு ரெண்டு மாலை!"

பட்டறை முழுக்கச் சிரித்தது. பெண்ணின் அண்ணனும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். தகப்பனார் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"அப்பம் நாங்க வாறோம். பொறவு சொல்லி விடுதோம்."

சொல்லிவிடவில்லை. மச்சினன் அடுத்து வந்த கன்னியில், புரட்டாசி மாதம், புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்ட வேலைக்குப் போனான். சணலோடு போனானா, அறுத்துவிட்டுப் போனானா, பார்த்தவர் இல்லை.

இப்போது பட்டறைகளில் ஒரு டப்பாவை அமுக்கி எண்ணெயைப் பீய்ச்சிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். முறிந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்று மாற்று ஸ்குருவுக்கு அளவெடுக்க நான் அந்த மூடியைப் பார்த்தேன். உள்ளே நின்ற துண்டின் முறிவில் பாதிதான் புதிதாக மின்னியது. மறுபாதி கறுத்த துரு. யாரோ முன்பே அளவுக்கு மீறி இறுக்கிப் பாதி அறுத்துவிட்ட ஸ்குரு அது. வண்டி எடுக்க வந்த மீன் வியாபாரியிடம், முன்னால் வேறு எங்காவது பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"ஓய், ஒங்க மொதலாளி கையல்லாம இந்த மூடிய ஒருத்தரும் தொட்டதில்ல."

முதலாளியிடமே போய்ச் சொன்னேன். "ஒனக்கு சாமான் அறையில வேலை இல்லியாலே?" என்றார்.

அதை முன்பு இறுக்கியது அவர் என்பதற்கு மீன் வியாபாரியின் பேச்சு ஒன்றே சாட்சி. பாதி அறுந்திருந்தது தெரிந்தே அந்த வண்டியைக் காட்டினாரா என்பதை உறுதிசெய்ய முடியவில்லை.