செல்வமேரியை அடித்த பகல்

மார்கழியில் நர்சு ஆரோக்கியசெல்வி ஏற்காட்டு மலையில் தலைச்சோலைப் பக்கம் வருகிறாள் என்றால் வீட்டுக்கு வீடு கணப்புச் சட்டியை ஒளித்துவைப்பார்கள். கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரி நெருப்பில் யாராவது குளிர்காய்வதைக் கண்டால் போதும். நலம் விசாரிப்பு கிடையாது, சட்டிக்கு ஒரே உதை. எண்பத்து நாலில் அம்மாசி வீட்டில் உதைத்த சட்டி வாசலைத் தாண்டி, கொய்யா மரத்தைத் தாண்டி, கீழே மேய்ந்த எருமையின் முதுகில் விழுந்தது. எருமை அடிவாரத்தில் போய்த்தான் நின்றதாம்.

"ஏனுங்க நர்சம்மா, சட்டி என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றார் அம்மாசி.

"அது பண்ணின பாவம் எனக்குத் தெரியுமுங்க. மொதல்ல ஜன்னலத் தொறங்க."

அது பாவம் செய்தது எழுபத்தெட்டு டிசம்பரில், ஜெர்மனியின் வடக்குக் கடலோரச் சிற்றூர் ஒன்றில்.

ஆரோக்கியசெல்வியின் அப்பா சூசைமாணிக்கம் எஸ்டேட்டில் காப்பிக் களத்துக் காவல்காரர். கன்னியாஸ்திரிகள்தான் அவளை நர்சுப் படிப்புக்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். கூடவே ஒண்டிக்கடை முக்குத் தையல்காரர் மகள் செல்வமேரியும் கிளம்பினாள். பஸ் புறப்படும்போது செல்வமேரியின் அம்மா மகளின் கையைப் பிடித்து ஆரோக்கியசெல்வியின் கையில் வைத்து, "எம்புள்ள பூஞ்ச ஒடம்பு கண்ணு. ஒன்ன நம்பித்தான் உடறேன்" என்றாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மற்றப் பெண்களெல்லாம் ஊருக்குப் போய்விட, விடுதியைப் பூட்டிவிட்டதால் இருவரும் அதன் பின்னால் இருந்த பழைய சலவை அறையில் தங்கியிருந்தார்கள். ஒரு கதவு, ஒரு ஜன்னல், இரண்டு கட்டில். பனி பெய்யும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் நாள் மழைதான் பெய்தது. விடிந்தபோது மழை கல்லாகிவிட்டது. கொடியில் கிடந்த பாவாடையை எடுத்துச் சுவரில் சாய்த்து நிறுத்தலாம், அது நின்றது. பிறகு காற்று வந்தது. காற்றா அது, கொம்பு சீவிய காளை. கடலிலிருந்து பனியை வாரி வாரிச் சுவரில் மோதியது. கூரைத் தகடு ஒன்று பிய்ந்து, முற்றத்து மரத்தைத் தலை சீவிவிட்டுப் போனது. மத்தியானத்துக்குள் ஜன்னல் முழுக்கப் பனி மூடி அறை இருண்டது. கதவை இருவரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். அசையவில்லை. கரண்டு போனது. மின்சார அடுப்பு செத்தது.

"பல்லு தந்தியடிக்குதுடி. நானு செத்துருவேன்" என்றாள் செல்வமேரி.

"ஏற்காட்டுக்காரிக்குக் குளுரா? சொன்னா ஊரே சிரிக்கும்."

கட்டிலடியில் கோடையில் இறைச்சி சுட வாங்கிய கரி மூட்டை மிச்சமிருந்தது. இரும்பு வாளியில் கரியைக் கொட்டி, பழைய காகிதம் வைத்துப் பற்றவைத்தாள் ஆரோக்கியசெல்வி. கதவிடுக்கில் துண்டைத் திணித்தாள். "எங்க களத்துக் குடிசையில எங்கப்பன் காலமெல்லாம் இப்பிடித்தான் காயறாரு" என்றாள்.

களத்துக் குடிசைக்கு மூங்கில் தட்டிச் சுவர். அதன் வழியே நாய்க்குட்டியே நுழையும். இந்த அறையோ மூடிபோட்ட டப்பா.

மூன்று வாரம் முன்புதான் கரிப்புகை நச்சைப் பற்றிப் பரீட்சை. வகுப்பில் அவள்தான் முதல் மதிப்பெண். ஆனால் அந்தப் பாடத்தில் இருந்ததெல்லாம் கார், கொதிகலன், சுரங்கம். கணப்புச் சட்டி இல்லை.

ஒரு மணி நேரம் சுகமாகப் போனது. பிறகு செல்வமேரி தலைவலி என்றாள். வாந்தி எடுத்தாள். சுருண்டு படுத்தாள்.

"கன்னமெல்லாம் செவந்து போச்சு. துரைசானி ஆயிட்டியே புள்ள" என்று கிண்டல் செய்தாள் ஆரோக்கியசெல்வி. உலுக்கினாள். தலை துணிப்பொம்மையாகத் தொங்கியது. அப்போதுதான் 'தலைவலி, வாந்தி, சிவந்த கன்னம்: எந்த நச்சு?' என்ற பரீட்சைத் தாளின் நாலாம் கேள்வி அவள் முகத்தில் அறைந்தது.

எழுந்தாள், கால் மடிந்து விழுந்தாள். தவழ்ந்து போய் முக்காலியை எடுத்து ஜன்னலை அடித்தாள். முதல் கண்ணாடி உடைந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதையும் அடித்தாள். சில்லு முழங்கையைக் கிழித்தது. கண்ணாடிக்குப் பின்னால் காற்று இல்லை, பனிச்சுவர். சரிந்த பனியை வாரி வாளியில் போட்டாள். நெருப்பு சீறி, சாம்பலும் ஆவியும் வெடித்து அவள் புருவத்தைப் பொசுக்கின. வாணலியால் பனியைக் குத்தினாள். வாணலிப் பிடி முறிந்தது. நகத்தால் பறித்தாள். வெள்ளைப் பனி சிவப்பாக உதிர்ந்தது. கை நீளத்துக்குத் தோண்டியிருப்பாள். துடைப்பக் கம்பைச் சொருகி முழு உடம்பையும் அதன்மேல் எறிந்தாள். கம்பு வெளியே பாய்ந்தது. ஓட்டை வழியே காற்று ஊளையிட்டு உள்ளே வந்தது.

செல்வமேரியைச் சடையைப் பிடித்தே இழுத்து வந்தாள். முகத்தை ஓட்டையில் அழுத்தினாள். மூச்சு நூலாக இருந்தது. அறைந்தாள். வலக் கன்னம், இடக் கன்னம், மறுபடி வலம். காதைக் கடித்தாள். வயிற்றில் முட்டியால் இடித்தாள். எஸ்டேட்டில் மாட்டைக்கூட அப்படி அடிக்கமாட்டார்கள். ஓர் அறையில் பல் ஒன்று தெறித்துப் பனியில் விழுந்தது. ஆரோக்கியசெல்வி அழவில்லை, அடிப்பதற்கே மூச்சுப் போதவில்லை. நிறுத்தினால் இவள் போய்விடுவாள் என்பது மட்டும் தெரிந்தது. நிறுத்தவில்லை.

எத்தனையாவது அடியோ. ஓங்கிய கையைச் செல்வமேரி பிடித்துக்கொண்டாள். பிடித்த வேகத்தில் நடுவிரலைக் கடித்தாள். எலும்பு வரை இறங்கிய கடி.

"கொரங்கே" என்றாள், வாயில் ரத்தத்தோடு. "எங்கடி எம்பல்லு?"

மறுநாள் காலை விடுதித் தலைவி ஆட்களோடு மண்வெட்டி கொண்டு வந்து கதவை மீட்டபோது, இரண்டு பெண்களும் ஒரே போர்வைக்குள், ரத்தமும் கரியுமாக, சிவந்த பனிக் குவியலில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். கொலை நடந்துவிட்டதென்றே அந்த அம்மாள் நினைத்தாள்.

"என்ன தேடுகிறீர்கள்?" என்று கேட்டாள்.

ஆரோக்கியசெல்வி வீங்கிய விரலை ஊதிக்கொண்டே, "பல்" என்றாள்.