காக்கா என்று ஒரு கல்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். எங்கள் முத்தியால்பேட்டை வீட்டில் காக்கை என்ற சொல் ஒன்று விழுந்து, அத்தையின் கல்யாணமே விழப் பார்த்தது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. நல்ல கறுப்பு. அதைச் சொல்லாமல் சொல்லியே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அடுத்த இடத்திலிருந்து பெண் பார்க்க வரும் அன்று, அம்மா அரை டப்பா பவுடரை அத்தை முகத்தில் அப்பிவிட்டாள்.

"சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி இருக்கேன் அண்ணி."

"இருந்தா இருந்துட்டுப் போ. வாயத் தொறக்காத, உதிரும்."

அப்பா சோடா வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து ரிக்‌ஷா வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் கட்டட வேலைகளை மேற்பார்த்தவர். அவசரமென்றால் அவர் வாயில் பிரெஞ்சுதான் முந்தும் என்று தரகர் சொல்லியிருந்தார். அத்தைக்கு ஆசை அடங்குமா? தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த மாடி பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். வாலாக நானும்.

இறங்கியவர் அண்ணாந்து பார்த்தார். முகம் மாறியது. "கொர்போ! கொர்போ!" என்று கத்தினார். இரண்டு கையையும் வீசி, "வேணாம், வேணாம்!" என்றார். படியேறப் போன மனைவியையும் பிள்ளையையும் இழுத்து, வந்த ரிக்‌ஷாவிலேயே ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டார்.

அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள். "இன்னாடி சொன்னாரு?"

பள்ளிக்கூடத்தில் பறவைகளின் பிரெஞ்சுப் பெயர்களை அப்போதுதான் முடித்திருந்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "காக்கான்னாரும்மா!"

அத்தை உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

சோடாவோடு வந்த அப்பாவிடம் அம்மா பொங்கினாள். "காக்கா கத்துனா விருந்தாளி வருவாங்கம்பாங்க. இங்க விருந்தாளியே காக்கான்னு கத்திட்டுப் போறாரு!"

"இவ ஒழுங்கா கேட்டாளா?"

என்னையா சந்தேகப்படுவது? புத்தகத்தைக் கொண்டுவந்து படத்தையே காட்டினேன். அப்பா அதை வாங்கி மெதுவாக மூடிவைத்தார்.

கேசரி ஆறி இறுகியபோது வாசலில் தள்ளுவண்டிச் சத்தம். வண்டி நிறையச் சவுக்குக் கட்டை. பின்னாலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதே மனிதர்.

"பொண்ணு கீழ எறங்கிடுச்சா?"

"காக்காவப் பத்தி உங்களுக்கு இன்னா கவலை?" என்றாள் அம்மா வெடுக்கென்று.

"அதுக்குத்தாம்மா கட்டை கொண்டாந்தேன். கொர்போ விரிசல் உட்டுக்கினு இருக்குது, நீங்க பாட்டுக்குப் புள்ளைங்கள மேல நிக்க வெக்கிறீங்க!"

சுவரிலிருந்து துருத்திக்கொண்டு பால்கனியைத் தாங்கும் கல்லைக் காட்டினார். அதன் கழுத்தில் விரல் நுழையும் விரிசல்.

கட்டைகளை நிறுத்தி முட்டுக் கொடுத்து, மனைவியையும் பிள்ளையையும் வரவழைத்து உட்காரவைத்த பிறகுதான் மற்றப் பேச்சு. கொர்போ என்றால் காக்கைதானாம், பாப்பா சொன்னது சரிதானாம். அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஊரில் இப்படி நீட்டும் கல்லின் முனையைக் காக்கை மூக்குப் போலச் சாய்த்து வெட்டுவார்களாம். கல்லுக்கும் அந்தப் பேரே ஒட்டிக்கொண்டதாம். "நம்ம கோயில்ல வெளிய வளைஞ்சு நிக்கிற கல்லுக்குக் கொடுங்கைன்னு பேரு. நம்மாளு கையப் பார்த்தான், அவன் காக்கையப் பார்த்தான்" என்று சிரித்தார். அப்பா அப்போதுதான் சோடாவை உடைத்தார்.

உள்ளே அத்தை அம்மாவின் தோளில் சாய்ந்து, அழுகையும் சிரிப்புமாகக் குலுங்கிக்கொண்டிருந்தாள். "கல்லுக் காக்காவுக்கே இந்த ஓட்டம் ஓடறவரு, இந்தக் காக்காவ வுட்டுடுவாரா அண்ணி?"

அப்புறம் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஈரம் துடைத்த கையோடு காபித் தட்டை எடுத்துக்கொண்டு அப்படியே கூடத்துக்குப் போனாள். நான் ஓடிப்போய்ப் பவுடர் டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். பாதி இருந்தது. பிறகு ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று எனக்குப் புரியவேயில்லை.